ஸ்டென்ட் வச்சா எத்தனை நாள்?

பெரியம்மாவுக்குக் கோபம். சித்தப்பாவுக்கு இதய ரத்தக்குழாய் அடைப்புக்காக ஸ்டென்ட் வைத்தபோது ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் வைத்திருந்தார்கள். அடுத்த வருஷம் பெரியப்பாவுக்கு வைத்தபோது, மறுநாள் சாயங்காலமே மணிக்கட்டில் ஒரு பிளாஸ்திரியோடு அனுப்பிவிட்டார்கள். "சின்னவருக்கு ஒரு ஸ்டென்ட்டு, அஞ்சு நாள். இவுகளுக்கு ரெண்டு ஸ்டென்ட்டு, ஒரு ராத்திரி. என்ன கணக்குய்யா இது? ஒழுங்காப் பாத்தாகளா, இல்ல பெட்டு வேணும்னு கெளப்பி விட்டுட்டாகளா?"

இரண்டு தடவையும் மதுரையில் ஆஸ்பத்திரி வராந்தாவில் பைல் தூக்கிக்கொண்டு அலைந்தவன் நான் என்பதால் கேள்வி என்னிடம் வந்தது. சாத்தூரிலிருந்து நலம் விசாரிக்க வந்தவர்களும் "எப்படி இருக்கு" என்பதற்கு அடுத்தபடியாக இதைத்தான் கேட்டார்கள். எத்தனை நாள் படுக்க வைத்தார்கள் என்பதை வைத்துத்தான் நம் ஊரில் வியாதியின் கனம் தெரியும். நாள் கூடினால் பெரிய வியாதி, குறைந்தால் ஒன்றுமில்லை. ஸ்டென்ட் விஷயத்தில் இந்த அளவுகோல் சுத்தமாக வேலை செய்யாது. பெரியம்மாவுக்கு அன்றைக்கு வாய்க்கு வந்த பதிலைச் சொல்லி வைத்தேன். முழு பதில் இவ்வளவு நீளம்.

முதலில் ஒன்று. ஸ்டென்ட் வைப்பதை எல்லோரும் ஆபரேஷன் என்கிறார்கள். நெஞ்சைத் திறப்பதில்லை, முழு மயக்கம் கொடுப்பதில்லை, தையல் இல்லை. மணிக்கட்டிலோ தொடை இடுக்கிலோ மரத்துப்போக ஊசி போட்டு, தமனிக்குள் ஒரு மெல்லிய குழாயைச் செலுத்தி, அது வழியாக அடைப்பு இருக்கும் இடத்துக்குப் பலூனைக் கொண்டுபோய் விரிக்கிறார்கள். பலூனின் மேல் இருக்கும் உலோக வலைதான் ஸ்டென்ட், அது விரிந்து ரத்தக்குழாயின் சுவரில் பதிந்து நிற்கிறது. பதிந்த நிமிஷமே அது தன் வேலையைத் தொடங்கிவிடும். "ஸ்டென்ட் செட் ஆகுற வரைக்கும் அசையாமப் படுத்திருக்கணும்" என்று பக்கத்து பெட்காரர் சொல்லுவார். நம்பவேண்டாம். இருமினாலோ எழுந்து நடந்தாலோ நழுவிவிடுகிற சாமான் இல்லை அது.

அப்படியென்றால் படுக்கை எதற்கு? காவலுக்கு. என்னென்ன தப்பு நடக்கலாமோ, அது நடக்கக்கூடிய மணி நேரங்களில் ஆள் கண்ணெதிரே இருக்கவேண்டும், அவ்வளவுதான். எந்தத் தப்புக்குக் காவல் இருக்கிறோம் என்பதைப் பொறுத்து நாள் கூடும், குறையும். எத்தனை ஸ்டென்ட் என்பது பெரும்பாலும் அந்தக் கணக்கிலேயே வராது.

இதைப் படித்துத் தெரிந்துகொள்ளப் போனபோது எனக்கு வியப்பாக இருந்தது பழைய கதைதான். 1977 செப்டம்பரில் சூரிச் நகரில் ஆந்திரியாஸ் குருன்ட்சிக் என்ற மருத்துவர், விழித்திருக்கும் ஒரு நோயாளியின் இதய ரத்தக்குழாய் அடைப்பை முதன்முதலாகப் பலூனால் விரித்தார். வெறும் பலூன்தான், ஸ்டென்ட் கிடையாது. விரித்த குழாய் சில பேருக்கு உடனே மூடிக்கொண்டது, நிறைய பேருக்குச் சில மாதங்களில் மறுபடி சுருங்கியது. அதைத் தாங்கிப் பிடிக்கத்தான் உலோக வலை வந்தது. 1986 மார்ச்சில் பிரான்சின் துலூஸ் நகரில் ஜாக் புவெல் மனித இதயத்தில் முதல் ஸ்டென்ட்டை வைத்தார். சுவிட்சர்லாந்தின் லோசானில் உல்ரிக் சிக்வார்ட்டும் அதே காலத்தில் அதே வேலையில் இருந்தார்.

ஸ்டென்ட் வந்ததும் ஆஸ்பத்திரி நாள் குறைந்திருக்கும் என்றுதானே நினைப்போம்? கூடியது. உலோகம் ரத்தத்தில் பட்டால் ரத்தம் உறையும். ஸ்டென்ட்டுக்குள் திடீரென்று ரத்தக்கட்டி உண்டானால் அது ஒரு மாரடைப்பு. அந்தப் பயத்தில் ஆரம்ப காலத்தில் ஹெப்பாரின், வார்ஃபரின், ஆஸ்பிரின் என்று ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்துகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் கொடுத்தார்கள். வார்ஃபரின் இரண்டு மூன்று நாளில் பிடிக்கிற மருந்தும் அல்ல, ரத்தப் பரிசோதனையில் சரியான அளவு வரும்வரை காத்திருக்கவேண்டும். இவ்வளவு மருந்து உள்ளே இருக்கும்போது தொடையில் போட்ட ஓட்டையிலிருந்து ரத்தம் நிற்குமா? தொடை கறுத்து வீங்கியது, சிலருக்கு ரத்தம் ஏற்றவேண்டி வந்தது, சிலருக்கு அந்தத் தமனியையே அறுவை செய்து சரிபண்ணவேண்டி வந்தது.

1994-இல் இரண்டு பெரிய ஆய்வுகள் ஒரே சமயத்தில் வெளிவந்தன. ஐரோப்பாவின் பெனஸ்டென்ட் ஆய்வில் வெறும் பலூன் செய்துகொண்டவர்கள் சராசரியாக 3.1 நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார்கள், ஸ்டென்ட் வைத்துக்கொண்டவர்கள் 8.5 நாள். அமெரிக்காவின் ஸ்ட்ரெஸ் ஆய்வில் 2.8 நாளுக்கு எதிராக 5.8 நாள். குழாய் மறுபடி சுருங்குவது ஸ்டென்ட்டால் குறைந்தது என்று நிரூபித்ததும் இதே ஆய்வுகள்தான். நல்ல சாமான்தான், ஆனால் எட்டு நாள் படுக்கை. பெரியம்மாவின் கணக்குப்படி அந்தக் கால ஸ்டென்ட்டுகள்தான் ஒழுங்காகப் பார்த்து வைத்தவை!

இந்த முடிச்சு அவிழ்ந்த விதம் எனக்குப் பிடிக்கும், ஏனென்றால் புதிதாக எந்த எந்திரமும் கண்டுபிடித்து அவிழ்க்கவில்லை. மிலானில் அந்தோனியோ கொலம்போவும் அவருடைய சகாக்களும் ரத்தக்குழாயின் உள்ளேயே அல்ட்ராசவுண்ட் கருவியை விட்டுப் பார்த்தார்கள். ஸ்டென்ட் சுவரோடு ஒட்டாமல் தொங்கிக்கொண்டிருப்பது பல பேருக்குத் தெரிந்தது. கட்டி உண்டானதில் பாதிப் பழி உலோகத்துக்கு, பாதிப் பழி அரைகுறையாக விரித்ததற்கு. பலூனை இன்னும் அழுத்தமாக விரித்து நன்றாகப் பதியவைத்தால் வார்ஃபரினே வேண்டியதில்லை என்று 1995-இல் எழுதினார்கள். அடுத்த வருஷம் ஜெர்மனியில் ஷோமிக் குழுவினர் 517 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குப் பழைய முறையில் வார்ஃபரின் வகை மருந்தும், மறு பாதிக்கு ஆஸ்பிரினோடு டிக்ளோபிடின் என்ற, ரத்தத் தட்டணுக்கள் ஒட்டிக்கொள்ளாமல் தடுக்கும் மருந்தும் கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு மாதத்தில் ஸ்டென்ட் அடைத்துக்கொண்டது பழைய முறையில் 5.4 சதவீதம், புதிய முறையில் 0.8 சதவீதம். ரத்தக்கசிவும் பழைய முறைக்காரர்களுக்குத்தான். பாதுகாப்புக்கு என்று கொடுத்துவந்த மருந்துதான் ஆளைப் படுக்கையில் கட்டிப்போட்டிருந்தது! அந்த டிக்ளோபிடினின் தம்பிதான் குளோபிடோகிரெல். இன்றைக்கு நம் வீடுகளின் மாத்திரை டப்பாக்களில் ஆஸ்பிரினோடு சேர்ந்து கிடப்பது அதுதான்.

அடுத்து ஓட்டை இடம் மாறியது. தொடைத் தமனி பெரியது, ஆழத்தில் இருப்பது. குழாயை எடுத்தபின் கால் மணி, அரை மணி அழுத்திப் பிடிக்கவேண்டும், அப்புறம் பல மணி நேரம் காலை மடக்காமல் மல்லாந்து கிடக்கவேண்டும். வயதானவர்களுக்கு முதுகு வலி, மூத்திரம் போக முடியாத அவஸ்தை. மணிக்கட்டுத் தமனி தோலுக்குக் கீழேயே இருக்கிறது, விரலால் அழுத்தினால் நின்றுவிடும். மான்ட்ரியாலில் லூசியன் கம்போ மணிக்கட்டு வழியாக ஆஞ்சியோகிராம் (சாயம் ஏற்றி இதய ரத்தக்குழாயைப் படம் பிடிப்பது) எடுத்ததை 1989-இல் எழுதினார். ஆம்ஸ்டர்டாமில் ஃபெர்டினாண்ட் கீமெனை 1992-இல் அதே வழியில் அடைப்பையும் விரித்துக் காட்டினார். மணிக்கட்டில் காற்றடைத்த ஒரு பட்டையைக் கட்டி, சில மணி நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றை இறக்கிவிட்டால் முடிந்தது. பெரியப்பா அந்தப் பட்டையோடு எழுந்து உட்கார்ந்து ஒரு கையால் இட்லி சாப்பிட்டார். பழைய தொடை வழி நோயாளிக்கு அது கனவிலும் நடக்காது.

இந்த இரண்டும் சேர்ந்தபின் 'ராத்திரி தங்கத்தான் வேண்டுமா?' என்ற கேள்வி தானாக எழுந்தது. முன்கூட்டியே நாள் குறித்து வைக்கும் ஸ்டென்ட்டில் திடீர்க் கோளாறுகள் வருவதென்றால் பெரும்பாலும் முதல் சில மணி நேரத்தில் வந்துவிடும். அதைத் தாண்டி வருபவை மறுநாள், மறுவாரம் என்று எப்போதும் வரலாம், அதற்காக ஒரு ராத்திரி காவலிருந்து பெரிய பலனில்லை. கனடாவின் கியூபெக்கில் 1005 பேரை வைத்து நடத்தி 2006-இல் வெளியிட்ட ஆய்வில், மணிக்கட்டு வழியாக ஸ்டென்ட் வைத்து அன்றைக்கே வீட்டுக்குப் போனவர்கள் ஒரு மாதத்தில் தங்கியவர்களைவிட மோசமாகிவிடவில்லை. 2021-இல் அமெரிக்க இதயவியல் கல்லூரி, யாரை அன்றைக்கே அனுப்பலாம் என்று ஒரு வழிகாட்டுக் குறிப்பே போட்டது. காலையில் போய் சாயங்காலம் வீடு திரும்புவது இன்று வெளிநாடுகளில் விசேஷம் இல்லை.

பெரியப்பாவை ஏன் அன்றைக்கே அனுப்பவில்லை என்று டியூட்டி டாக்டரிடம் கேட்டேன். அவர் காரணங்களை அடுக்கினார். மதியம் இரண்டு மணிக்கு மேல்தான் கேத் லேபில் (ஆஞ்சியோவும் ஸ்டென்ட்டும் செய்யும் அறை) முறை வந்தது, ஆறு மணி நேரம் பார்த்து முடிக்கவே ராத்திரியாகிவிடும். சர்க்கரை இருக்கிறது, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் கொஞ்சம் கூடுதல், படம் தெரிவதற்காக ஏற்றும் சாயம் சிறுநீரகத்துக்குச் சுமை, அதனால் டிரிப் ஓடவேண்டும். கடைசியாக, "வீடு எங்க?" என்று கேட்டார். சாத்தூர் என்றேன். "ராத்திரி ரெண்டு மணிக்கு நெஞ்சு வலிச்சா ஒன்றரை மணி நேரம் வண்டியில வரணும். நாளைக்குப் போங்க."

அந்தக் கடைசிக் காரணத்தை நான் எந்த ஆய்வுக்கும் மேலாக மதிக்கிறேன். அன்றைக்கே அனுப்புவது ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் வீடு உள்ளவனுக்கு, ராத்திரி கூட ஆள் உள்ளவனுக்கு, போன் போட்டால் எடுக்க ஆள் உள்ள ஊருக்கு. வெளிநாட்டுக் கணக்கை அப்படியே கொண்டுவந்து சாத்தூரில் வைக்கமுடியாது.

சொல்லாத காரணம் ஒன்றும் உண்டு. நம் நாட்டு மருத்துவக் காப்பீட்டில் பொதுவாக 24 மணி நேரமாவது உள்நோயாளியாக இருந்தால்தான் பணம். அதற்குள் முடியும் சிகிச்சைகளுக்கு டே-கேர் என்று தனி விதி இருக்கிறது, ஆனால் எது அதில் வரும் என்று பாலிசியைப் பிரித்துப் பார்த்துச் சண்டை போடும் தெம்பு ஸ்டென்ட் வைத்த அன்றைக்கு யாருக்கும் இருக்காது. ஆஸ்பத்திரிக்கும் அந்தச் சண்டை வேண்டாம். ஒரு ராத்திரி தங்கிவிட்டால் எல்லோருக்கும் நிம்மதி.

இனி சித்தப்பா. அவருக்கு வைத்ததும் அதே வகை ஸ்டென்ட்தான். ஆனால் பெரியப்பா நடக்கும்போது நெஞ்சு இறுக்கமென்று தானாக நடந்து போய்ப் படுத்தவர். சித்தப்பா மாரடைப்போடு 108-இல் போனவர். ஸ்டென்ட் அவருக்கு அடைப்பைத் திறந்தது, ஆனால் ரத்தம் போகாமல் கிடந்த நேரத்தில் செத்துப்போன இதயத் தசையை அது திருப்பித் தராது. அந்த ஐந்து நாளும் அந்தத் தசைக்காகத்தான்.

பக்கத்து ஆஸ்பத்திரியிலேயே ஈசிஜி எடுத்து, ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசியைப் போட்டு, பிறகு மதுரைக்கு அனுப்பினார்கள். ஆஞ்சியோ மறுநாள் காலை. இதைக் கேட்டு, "நேரா மதுரைக்கே போயிருக்கலாமே, ஒரு நாள் வீணாப் போச்சே" என்று சொன்ன உறவினர்கள் உண்டு. வீணில்லை. கேத் லேப் தூரத்தில் இருக்கும் ஊர்களில் முதலில் கரைக்கும் ஊசி, பிறகு 24 மணி நேரத்துக்குள் ஆஞ்சியோ என்பது ஏற்றுக்கொள்ளப்பட்ட வழி. தமிழ்நாட்டிலேயே சிறிய ஆஸ்பத்திரிகளைக் கேத் லேப் உள்ள பெரிய ஆஸ்பத்திரிகளோடு இணைத்து 2420 மாரடைப்பு நோயாளிகளைத் தொடர்ந்து பார்த்த ஆய்வு 2017-இல் வெளிவந்தது. இணைப்பு வருவதற்கு முன் ஒரு வருஷத்துக்குள் இறந்தவர்கள் 17.6 சதவீதம், வந்தபின் 14.2 சதவீதம். 2023-இல் தமிழக அரசு தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், அட்டோர்வாஸ்டாட்டின் மாத்திரைகளை உடனே கொடுத்து அனுப்புகிறார்கள். அதுவும் இதே யோசனையின் தொடர்ச்சிதான்.

மாரடைப்புக்குப் பிறகு முதல் ஒன்றிரண்டு நாள் இதயத் துடிப்பு தாறுமாறாகும் அபாயம் அதிகம். அதற்குத்தான் ஐசியூ, மானிட்டர், பக்கத்தில் ஷாக் கொடுக்கும் கருவி. சித்தப்பாவுக்கு முதல் ராத்திரி மானிட்டர் இரண்டு முறை அலறி, சிஸ்டர்கள் ஓடிவந்தார்கள். தானாகச் சரியானது. ஆனால் அந்தச் சத்தம் வெளியே உட்கார்ந்திருந்த சித்தியின் காதில் இன்னும் இருக்கிறது. பிறகு எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுத்து, இதயத்தின் பம்ப் எவ்வளவு வேலை செய்கிறது என்று பார்த்தார்கள். குறைவாக இருந்ததால் புதிதாக மாத்திரைகள் சேர்த்தார்கள், அவற்றைக் குறைந்த அளவில் தொடங்கி ரத்த அழுத்தம் படுத்துவிடாமல் ஏற்றவேண்டும். நுரையீரலில் நீர் சேர்கிறதா என்று பார்த்தார்கள். ஐசியூவிலிருந்து வார்டு, வார்டில் கட்டிலிலிருந்து நாற்காலி, நாற்காலியிலிருந்து பாத்ரூம் வரை நடை. எல்லாம் சுமுகமாகப் போகிற, அபாயம் குறைந்த மாரடைப்பு நோயாளியை 48 முதல் 72 மணி நேரத்தில் அனுப்பலாம் என்று ஐரோப்பிய வழிகாட்டு நெறிகள் சொல்கின்றன. சித்தப்பாவுக்கு எல்லாம் சுமுகமில்லை, ஆகவே ஐந்து.

ஐந்து நாள் அதிகம் என்று நினைப்பவர்களுக்கு: 1955 செப்டம்பரில் அமெரிக்க அதிபர் ஐசனோவருக்கு டென்வரில் மாரடைப்பு வந்தது. அவர் ஆஸ்பத்திரியை விட்டு வெளியேறியது நவம்பர் 11-ஆம் தேதி. ஏழு வாரம்! அக்காலத்தில் மாரடைப்பு என்றால் நாலு முதல் ஆறு வாரம் அசையாத படுக்கை. பாஸ்டனில் லெவைன், லவ்ன் என்ற இரண்டு மருத்துவர்கள் 1952-இல் நோயாளிகளை நாற்காலியில் உட்காரவைத்ததே அப்போது பெரிய துணிச்சல். அசையாமல் கிடந்தால் காலில் ரத்தம் உறைந்து அது நுரையீரலுக்குப் போய் ஆளைக் கொல்லும் என்பது மெதுவாகத்தான் விளங்கியது. 'நாலு நாள் நல்லாப் படுத்து ரெஸ்ட் எடு' என்கிற நம் பாசத்தின் பின்னால் அந்தக் காலத்து வைத்தியம் இன்னும் ஒளிந்துகொண்டிருக்கிறது.

இரண்டு பேருக்கும் பொதுவாக அமைந்தது டிஸ்சார்ஜ் நாள். காலை ரவுண்ட்ஸில் "இன்னைக்குப் போகலாம்" என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போவார். அதன்பின் பார்மஸி கணக்கு, டிஸ்சார்ஜ் சம்மரி டைப் ஆகி வருதல், பில், காப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்புதல், அப்ரூவல். நோயாளி சட்டை மாட்டிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருப்பார், அடுத்த நோயாளியின் ஆட்கள் வாசலில் நின்று எட்டிப் பார்ப்பார்கள். 2024 மே மாதம் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ போட்ட சுற்றறிக்கைப்படி, ஆஸ்பத்திரி கேட்ட மூன்று மணி நேரத்துக்குள் காப்பீட்டு நிறுவனம் இறுதி அனுமதி தரவேண்டும், தாமதத்தால் கூடும் செலவை அந்த நிறுவனமே ஏற்கவேண்டும். பெரியப்பாவுக்கு அந்தக் கடிகாரம் எப்போது ஓடத் தொடங்கியது என்பதையே கண்டுபிடிக்க முடியவில்லை. "நாங்க அனுப்பிட்டோம்" என்றது பில்லிங் கவுன்டர், "இன்னும் வரல" என்றது போனில் இருந்த பெண் குரல். முதலமைச்சர் காப்பீட்டில் வைத்த சித்தப்பாவுக்கு இந்தப் போராட்டம் முன்னாலேயே, அனுமதி வாங்கும்போதே முடிந்திருந்தது.

ஆஸ்பத்திரி நாளைக் குறைத்ததில் ஒரு நஷ்டமும் இருக்கிறது. எட்டு நாள் கிடந்த காலத்தில், எந்த மாத்திரை எதற்கு என்று சிஸ்டர்கள் தினமும் சொல்லச் சொல்ல நோயாளிக்கே மனப்பாடமாகியிருக்கும். இப்போது கிளம்புகிற அவசரத்தில், ஒரு கையில் பை, ஒரு கையில் பில்லோடு இருக்கும்போது இரண்டு நிமிஷத்தில் சொல்லிவிடுகிறார்கள். ஸ்டென்ட்டில் கட்டி உண்டாகும் அபாயம் முதல் மாதத்தில் அதிகம். அந்த மாதம் முழுக்க நோயாளி வீட்டில். ஆஸ்பிரினோடு சேர்ந்த அந்த இரண்டாவது மாத்திரையை, மாரடைப்பு வந்தவர்கள் பொதுவாக ஒரு வருஷமும், பெரியப்பாவைப் போலத் திட்டமிட்டு வைத்துக்கொண்டவர்கள் ஆறு மாதமும் தொடரச் சொல்கிறார்கள். ரத்தக்கசிவு பயம் உள்ளவர்களுக்கு டாக்டர் குறைப்பார். அவர்தான் குறைக்கவேண்டும். பெரியப்பாவின் சம்மரியில் அந்த மாத்திரைக்கு நேரே 'தொடரவும்' என்று மட்டும் இருந்தது. எதுவரை என்று கேட்டு, தேதியைப் பேனாவால் எழுதச் சொல்லி வாங்கினேன். சிஸ்டர் கொஞ்சம் முறைத்தார், ஆனால் டாக்டரிடம் போய் எழுதி வாங்கி வந்து கொடுத்தார். கூடவே, மணிக்கட்டில் ரத்தம் வந்தால் விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு கையை உயர்த்தியபடி வரவேண்டும், நெஞ்சு வலி வந்தால் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுக்கொண்டிருக்காமல் 108-ஐக் கூப்பிடவேண்டும் என்று சொன்னார். சம்மரியில் இல்லாத அந்த இரண்டு வரிதான் பெரியம்மாவுக்கு உபயோகமாக இருந்தது, காலண்டருக்குப் பக்கத்தில் எழுதி ஒட்டிவிட்டார்.

மூன்றாவது மாதம் பெரியப்பாவுக்குக் கடைவாய்ப் பல் ஆடத் தொடங்கியது. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பல் டாக்டரிடம் போனார். "ரத்தம் இளக்குற மாத்திரையை ஒரு வாரம் நிறுத்திட்டு வாங்க, எடுத்துடலாம்" என்றாராம். பெரியப்பா சரியென்று வீட்டுக்கு வந்துவிட்டார். பெரியம்மா காலண்டர் பக்கத்தில் இருந்த தேதியைப் பார்த்தார், இன்னும் காலம் இருந்தது, எனக்குப் போன் போட்டார். நான் மதுரையில் இதய டாக்டரைக் கேட்டேன். "ஒரு மாத்திரையும் நிறுத்தக்கூடாது. மாத்திரை ஓடும்போதே எடுக்கச் சொல்லுங்க, பஞ்சு வச்சு அழுத்தினா நின்னுடும். தேவைன்னா அவரே எனக்குப் போன் பண்ணட்டும்." பல் டாக்டர் பேசினார், ஒத்துக்கொண்டார். பல்லைப் பிடுங்கியதும் ரத்தம் வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதல் நேரம் கசிந்தது. பெரியப்பா பஞ்சைக் கடித்துக்கொண்டு கிளினிக் பெஞ்சில் முக்கால் மணி நேரம் பேசமுடியாமல் உட்கார்ந்திருந்தார். பெரியம்மா அந்த முக்கால் மணி நேரமும் பேசிக்கொண்டிருந்தார்.